கட்-ஆஃப் 190-ஐத் தாண்டியாயிற்று: எந்தக் கல்லூரியை முதல் வரியில் எழுதுவது?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மாலையே எல்லா வீட்டிலும் கணக்குப் போட்டுவிடுவார்கள். கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50, மொத்தம் 200. கட்-ஆஃப் என்கிற அந்த எண் 190-ஐத் தாண்டினால் ஒரு நாள் சந்தோஷம், மறுநாளிலிருந்து குழப்பம். கட்-ஆஃப் 150 எடுத்த பிள்ளையின் கவலை எது கிடைக்கும் என்பது. 190-க்கு மேல் எடுத்த பிள்ளையின் கவலை எதை விடுவது என்பது. இரண்டாவதில்தான் சண்டை அதிகம். பெரியப்பா கிண்டி என்பார், டியூஷன் சார் பி.எஸ்.ஜி. என்பார், பக்கத்து வீட்டு ஐ.டி. அண்ணன் "எங்க வேணா சேரு, ஆனா சி.எஸ்.இ. எடு" என்பான் (கணினி அறிவியல் பிரிவைச் சொல்கிறான்).

எங்கள் சொந்தத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சாய்ஸ் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். இது தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு, அதாவது டி.என்.இ.ஏ.வுக்கு எழுதியது. சி.இ.ஜி. (கிண்டி பொறியியல் கல்லூரி), குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஏ.சி. டெக் (மூன்றும் அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள்), கோவையின் பி.எஸ்.ஜி. டெக், ஜி.சி.டி., சி.ஐ.டி., மதுரை தியாகராஜர், சென்னைப் பக்கத்து எஸ்.எஸ்.என். போன்ற இடங்களில் இரண்டு மூன்றாவது கைக்கு எட்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது. அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுதி என்.ஐ.டி. திருச்சியும் சாத்தியம் என்பவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

1. இடம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

2017 வரை கலந்தாய்வு என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். உங்கள் முறை வரும்போது இருப்பதில் ஒன்றைச் சொல்வீர்கள், ஆணையை வாங்கிக்கொண்டு வெளியே வருவீர்கள். அலைச்சல் உண்டு, ஆனால் எல்லாம் கண் முன்னே நடந்தது. 2018-இல் ஆன்லைன் வந்தது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இப்போது எது மிச்சம் என்று தெரியாமலேயே, வீட்டில் உட்கார்ந்து, விருப்பங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் கொடுக்கிறோம் என்பதால் பயம் வருகிறது. பயத்திலிருந்து தந்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிள்ளைக்கு எதிராகவே முடிகின்றன.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். சுற்றில் உள்ள எல்லோரையும் ரேங்க் வரிசையில் நிற்க வைக்கிறது கணினி. முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுத்து, அவர் எழுதிய முதல் வரியைக் கொடுக்கிறது. அடுத்தவரின் முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருந்தால் கொடுக்கிறது, இல்லாவிட்டால் இரண்டாம் வரிக்குப் போகிறது. இப்படியே கீழே இறங்குகிறது. உங்கள் முறை வரும்போது, பொதுப் பிரிவிலோ உங்கள் சமூகப் பிரிவிலோ இன்னும் இடம் இருக்கும் வரிகளில் மிக மேலே இருப்பது உங்களுக்கு.

இதில் கவனிக்க வேண்டியது: உங்களுக்குப் பின்னால் நிற்பவர் ஒரு கல்லூரியை முதல் வரியில் எழுதியிருந்தாலும், நீங்கள் அதையே 15-ஆம் வரியில் எழுதியிருந்தாலும், உங்கள் முறைதான் முதலில் வரும். "முதல் சாய்ஸாகப் போட்டவருக்கு முன்னுரிமை" என்று ஒன்று இந்த முறையில் கிடையாது. மேலே எட்டாத கல்லூரிகளை எழுதியதால் கீழே உள்ள வரி பலவீனமாவதும் இல்லை.

என் நாத்தனார் மகளுக்குப் பட்டியல் போட்ட இரவு இதைப் புரிய வைக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கணக்கில் கெட்டிக்காரர். "முதல் ரெண்டு வரி நமக்கு எட்டாதுங்க. அதைப் போட்டு எதுக்கு வீணாக்கணும்? கெடைக்கறதை மேல போட்டா உறுதியாக் கெடைச்சுப் போகும்ல?" என்றார். ரேஷன் கடை வரிசையைச் சொல்லித்தான் விளக்கினேன். "கடைக்காரர் உங்க துண்டுச் சீட்டைப் பார்த்து, சர்க்கரை இருக்கான்னு முதல்ல பார்ப்பாரு, இல்லைன்னா பருப்பு. சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னா அதுக்காக உங்களை வரிசையில பின்னாடி தள்ளுவாருங்களா?" அதன் பிறகு பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

ஆக, வரிசை என்பது உங்கள் ஆசையின் வரிசை. கிடைக்குமா கிடைக்காதா என்ற ஊகத்துக்கு அதில் வேலை இல்லை. பழைய கட்-ஆஃப் (முந்தைய ஆண்டுகளில் ஓர் இடம் எந்த மதிப்பெண்ணோடு தீர்ந்தது என்பது) பயன்படுவது ஒரே இடத்தில்: பட்டியலை எவ்வளவு ஆழத்துக்கு நீட்ட வேண்டும் என்று முடிவு செய்ய. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம், உச்சவரம்பு இல்லை. அப்படியானால் உண்மையான வேலை, உங்களுக்கே உங்கள் ஆசை எதுவென்று தெரிவதுதான். மீதிப் பகுதி அதற்காக.

2. பழைய கட்-ஆஃபை மதிப்பெண்ணாகப் படிக்காதீர்கள், ரேங்க்காகப் படியுங்கள்

கணிதத்தில் 100-க்கு 100 எடுத்தவர்கள் ஓர் ஆண்டு அதிகமாக இருப்பார்கள், இன்னோர் ஆண்டு குறைவாக இருப்பார்கள். அதனால் போன ஆண்டு 194-க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டு 194-க்குக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் ரேங்க்கையும் சமூகப் பிரிவு ரேங்க்கையும் எழுதி வைத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளில் அதே ரேங்க்கை ஒட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஒரே ஆண்டைப் பார்க்காமல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு. பொதுப் பிரிவு 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் டி.என்.சி. (சீர்மரபினர்) 20, எஸ்.சி. 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. உங்கள் பிரிவின் கட்-ஆஃபை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள், பொதுப் பிரிவையும் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்பட அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைகள் பொதுக் கலந்தாய்வு, 7.5 ஒதுக்கீடு இரண்டிலும் தங்களுக்கு என்ன வாய்ப்பு என்று தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் மனதில் வையுங்கள். 2024-25 முதல், தரமான கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) எடுத்துவிட்டது. பல தனியார் கல்லூரிகள் கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களை அள்ளிக் கூட்டிவிட்டன. அதனால் பழைய கட்-ஆஃபோடு இந்த ஆண்டின் இட எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிரிவில் இடம் இரண்டு மடங்காகியிருந்தால் இரண்டு விஷயம் நடக்கும். உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு கூடும். நான்கு ஆண்டு கழித்து அதே வளாகத்தில் வேலைக்கு வரிசையில் நிற்பவர்களும் கூடுவார்கள்.

3. கல்லூரியா, பிராஞ்சா

வீட்டுச் சண்டையின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பேசலாம்.

சி.இ.ஜி.யில் சி.எஸ்.இ. கிடைக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே இல்லை. அது பொதுப் பிரிவில் 199-ஐ ஒட்டியே தீர்ந்துவிடும். கேள்வி வருவது அதற்குக் கீழே. சி.இ.ஜி.யில் மைனிங், பிரிண்டிங், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், இன்டஸ்ட்ரியல் போன்றவை எட்டும்; அதே ரேங்க்குக்கு வெளியே ஒரு நல்ல கல்லூரியில் ஐ.டி.யோ இ.சி.இ.யோ (மின்னணு, தகவல் தொடர்புப் பிரிவு) எட்டும். எதை மேலே எழுதுவது?

"கிண்டிக்குள்ள நுழைஞ்சா போதும், பிறகு பார்த்துக்கலாம்" என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். முன்னாள் மாணவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் மாநிலத்தின் மேல்தட்டு ரேங்க்குகள். நான்கு ஆண்டு அந்தக் கூட்டத்தோடு சுற்றுவதே பாதிப் படிப்பு. ஆனால் அந்த நான்கு ஆண்டும் தினம் காலை போய் உட்காரும் வகுப்பு எது என்பதையும் யோசிக்க வேண்டும். பாறை இயக்கவியலில் கொஞ்சமும் ஆர்வமில்லாத பிள்ளை மூன்றாம் ஆண்டில் சி.ஜி.பி.ஏ. (பத்துக்குக் கணக்கிடும் மொத்த மதிப்பெண் சராசரி) 6.5-இல் நிற்கும்போது, வளாகத்தின் பெயரைவிட அந்த 6.5-தான் கம்பெனிகளின் கண்ணில் முதலில் படும். பல கம்பெனிகள் எழுத்துத் தேர்வுக்கு முன்பே சி.ஜி.பி.ஏ.வை வைத்து வடிகட்டுகின்றன, நிற்கும் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை.

நான் வைத்திருக்கும் சோதனை எளியது. பிள்ளையிடம் "இந்த பிராஞ்ச் பிடிக்குமா" என்று கேட்காதீர்கள். 17 வயதில் யாருக்கும் பதில் தெரியாது. அந்தப் பிரிவின் பாடத்திட்டத்தை இறக்கி, ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் பாடங்களின் பெயர்களை மட்டும் எழுதி மேசையில் வையுங்கள். முதல் ஆண்டில் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே பாடங்கள், அதைப் பார்த்துப் பயனில்லை. மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் நான்கைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யூடியூபில் ஒரு வகுப்பு, இருபது நிமிடம், பிள்ளை தனியாகப் பார்க்கட்டும். எதில் இருபது நிமிடம் தாண்டியும் ஓடவிட்டது என்று பாருங்கள். ஒரு பையன் மெக்கானிக்கலைத் தூக்கி எறிந்துவிட்டு இ.இ.இ.க்கு (மின், மின்னணுப் பிரிவு) மாறியது இப்படித்தான். அதுவரை இ.இ.இ. என்றால் மின்வாரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கணினி சார்ந்த பிரிவுகளுக்கு இப்போது ஏகப்பட்ட பெயர். சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, சி.எஸ்.பி.எஸ். (இதன் பாடத்திட்டத்தை வகுத்தது டி.சி.எஸ். நிறுவனம்). சி.எஸ்.இ.க்கும் ஐ.டி.க்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே கல்லூரியில் ஐ.டி. கிடைத்தால் சி.எஸ்.இ. கிடைக்கவில்லையே என்று அழ வேண்டாம். புதிய பெயர்களில் பெயரைவிட ஆசிரியர்கள் யார் என்பது முக்கியம். பல இடங்களில் சி.எஸ்.இ. துறை ஆசிரியர்களே அங்கும் பாடம் எடுக்கிறார்கள், அது குறையில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் தொடங்கிய துறையில் இன்னும் ஒரு செட் கூட வெளியே வரவில்லை என்றால், அங்கே வேலைவாய்ப்பு என்று சொல்லும் எந்த எண்ணும் வேறு துறையின் எண்.

என் சொந்தச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து கல்லூரிகளுக்குள் மோதல் என்றால் பிராஞ்சுக்கு முதலிடம் கொடுப்பேன். முதல் பத்தில் ஒன்றுக்கும், ஊரில் புதிதாக வந்த கட்டடம் பளபளக்கும் ஒன்றுக்கும் மோதல் என்றால் கல்லூரிக்கு முதலிடம், பிராஞ்ச் கொஞ்சம் பிடிக்காவிட்டாலும். சி.இ.ஜி.க்கும் எம்.ஐ.டி.க்கும் இடையே என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிராஞ்சைப் பார்த்துப் போவேன். காரணம், சி.இ.ஜி., ஏ.சி. டெக், எம்.ஐ.டி. மாணவர்களுக்கு வளாக வேலைவாய்ப்பை நடத்துவது பல்கலைக்கழகத்தின் ஒரே மையம், சி.யு.ஐ.சி. குரோம்பேட்டை என்பதால் கம்பெனி வராது என்பது வெறும் கதை. ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், ரப்பர் அண்ட் பிளாஸ்டிக் என்று எம்.ஐ.டி.க்கே உரிய துறைகளும் உண்டு. தொழிலதிபர் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய காலத்திலிருந்தே அதன் குணம் அது. அப்துல் கலாம் படித்ததும் அங்கே ஏரோநாட்டிக்கல்தான்.

4. எண்களைப் பார்ப்பது: எதை நம்பலாம்

விளம்பரப் பலகையில் இருக்கும் "அதிகபட்ச பேக்கேஜ்" ஒரு பிள்ளையின் கதை. உங்களுக்கு வேண்டியது நடுவில் நிற்கும் பிள்ளையின் கதை. அது கிடைக்கும் இடம் பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். அந்தக் கோப்பில் நான்காண்டு இளநிலைப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும். ரேங்க்கை விட்டுவிட்டு இந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள். சேர்ந்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் உள்ள இடைவெளியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஒரு குறை: அண்ணா பல்கலைக்கழகம் ஒரே நிறுவனமாக விவரம் கொடுப்பதால் சி.இ.ஜி.யை மட்டும் பிரித்துப் பார்க்க முடியாது. பி.எஸ்.ஜி., எஸ்.எஸ்.என்., தியாகராஜர் போன்றவை தனித்தனியாக இருக்கும்.

என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க்கையே வைத்து முடிவெடுக்க ஏன் வேண்டாம் என்கிறேன்? பொறியியல் பட்டியலில் 100-க்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கு. பி.எச்டி. செய்யப் போகிறவருக்கு அது பொன். பி.இ. படிக்கப் போகும் பிள்ளைக்கு அதில் எவ்வளவு வந்து சேரும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 12-ஆம் இடத்துக்கும் 40-ஆம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு பேசத் தக்கது. 32-க்கும் 38-க்கும் உள்ளது பேசத் தக்கதல்ல.

என்.பி.ஏ., நாக் இரண்டும் தர அங்கீகாரம். என்.பி.ஏ. பிரிவுக்குப் பிரிவு தருவது, நாக் கல்லூரி முழுமைக்கும் தருவது. வாசலில் "நாக் ஏ பிளஸ்" என்று இருந்தாலும் நீங்கள் எடுக்கும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

தேர்ச்சி விகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும். அந்த ஒப்பீடு பல்கலைக்கழகம் நடத்தும் பொதுத் தேர்வுக்கு மட்டுமே பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுத்து, தாங்களே திருத்துகின்றன. நீங்கள் பார்க்கும் முதல் வரிசைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தன்னாட்சி. "எங்க காலேஜ்ல 96 பெர்சென்ட் பாஸ்" என்று அவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

5. நேரில் போங்கள், ஆனால் சாதாரண நாளில்

ஓப்பன் டே அன்று எல்லாக் கல்லூரியும் கல்யாண வீடு. வாரநாளில் மதியம் போங்கள். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் கேன்டீனில் ஒரு டீ வாங்கி உட்காருங்கள். பேச வேண்டியது மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம். முதலாண்டுக்காரருக்கு இன்னும் மயக்கம் தெளிந்திருக்காது, இறுதியாண்டுக்காரர் கிடைத்த வேலையை வைத்தோ கிடைக்காத வேலையை வைத்தோ பேசுவார்.

"காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள். கேட்க வேண்டியவை வேறு. உங்க கிளாஸ்ல போன செமஸ்டர் எத்தனை பேருக்கு அரியர்? லேப் சிஸ்டத்தை அஞ்சு மணிக்கு மேல தொட விடுவாங்களா? இன்டர்ன்ஷிப்புக்குப் போக ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுப்பாங்களா, அட்டென்டென்ஸ்ல கை வைப்பாங்களா? உங்க பிராஞ்ச்சை எந்தெந்தக் கம்பெனி உட்கார விடுது? கடைசிக் கேள்வி சிவில், மெக்கானிக்கல் போன்ற கோர் பிரிவில் சேர நினைப்பவர்களுக்கு மிக முக்கியம். "ஐ.டி. கம்பெனிக்கு எல்லா பிராஞ்சும் போகலாம்" என்பது பெருமளவில் ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்குச் சரி. நல்ல சம்பளம் தரும் புராடக்ட் கம்பெனிகளில் சில, கணினிப் பிரிவுகளையும் இ.சி.இ.யையும் தாண்டிக் கூப்பிடுவதில்லை.

பெண் பிள்ளைகள் என்றால் விடுதி வாசல் மூடும் நேரத்தை இரு பாலாருக்கும் கேட்டு ஒப்பிடுங்கள். ஆண்கள் விடுதி ஒன்பதரை, பெண்கள் விடுதி ஆறரை என்றால், மாலை நடக்கும் கிளப், ஹேக்கத்தான், நூலகம் எல்லாம் யாருக்கு என்று புரிந்துவிடும். இதைப் பாதுகாப்பு என்று நினைத்து மகிழும் பெற்றோரும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை.

6. பணம்

அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் பிரிவுகள் ஆகியவற்றில் கல்விக் கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இங்கே நுணுக்கம் ஒன்று. பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., தியாகராஜர் போன்றவற்றில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் உண்டு. பட்டியலில் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதி. சி.இ.ஜி.யிலும் சில பிரிவுகள் அப்படி. வகுப்பறையில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது, கட்டண ரசீதில் தெரியும். ஆனால் அந்த வேறுபாட்டுக்காக விரும்பிய பிரிவைக் கீழே தள்ளும் முன், விடுதிக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் கூட்டி நான்காண்டுக் கணக்குப் போடுங்கள். வீட்டிலிருந்து போகக்கூடிய எஸ்.எஸ். இடம், வெளியூர் விடுதியோடு சேர்ந்த உதவி பெறும் இடத்தைவிட மலிவாக வருவதுண்டு.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை விண்ணப்பிக்கும்போதே இணையுங்கள். கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால்தான் அதற்கான கல்விக் கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அதே கல்லூரியில் நல்ல பிராஞ்ச் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நுழைவுத் தேர்வு முடிந்ததும், டி.என்.இ.ஏ. தொடங்கும் முன்பே பணம் கட்டச் சொல்லும். பயத்தில் கட்டிவிடுகிறோம். கட்டும் முன் அவர்கள் இணையதளத்தில் உள்ள ரீஃபண்ட் விதியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த தேதிக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும். 2024-இல் அந்தத் தேதி செப்டம்பர் 30. அசல் சான்றிதழ்களை யாரும் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் விதி. அசலைக் கேட்டால், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

7. ஜோசாவும் கையில் இருந்தால்

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி. இடங்களுக்கு ஜோசா தனிக் கலந்தாய்வு. அங்கும் ரேங்க் வரிசைதான், விருப்ப வரிசை விதி அப்படியே பொருந்தும். என்.ஐ.டி.களில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. சொந்த மாநிலம் என்பது பன்னிரண்டாம் வகுப்பை எங்கே முடித்தீர்கள் என்பதை வைத்து. ஆகவே தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்குத் திருச்சி எட்டும் ரேங்க்கில் வாரங்கலோ சூரத்கல்லோ அதே பிராஞ்சில் எட்டாமல் போகலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் கல் சான்றிதழ். நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஜோசாவுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

என்.ஐ.டி. கட்டணம் கூடுதல் என்று தள்ளிவிடாதீர்கள். பொதுவாக ஆண்டுக்கு 1.25 லட்சம் டியூஷன். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் கீழ் என்றாலும் முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

சி.இ.ஜி. இ.சி.இ.யா, திருச்சி என்.ஐ.டி. இ.சி.இ.யா என்றால் நான் திருச்சி என்பேன். நாடு முழுவதிலுமிருந்து வரும் பிள்ளைகளோடு ஒரே விடுதியில் நான்கு ஆண்டு, அதற்காக. திருச்சியில் ஆர்வமில்லாத ஒரு பிரிவா, சி.இ.ஜி.யில் பிடித்த பிரிவா என்றால் சி.இ.ஜி.

8. பட்டியலை எழுதும் இரவு

கணினியைத் திறக்கும் முன் காகிதத்தில் எழுதுங்கள். கல்லூரியும் பிரிவும் சேர்ந்தது ஒரு துண்டு. "பி.எஸ்.ஜி. இ.சி.இ." ஒரு துண்டு, "பி.எஸ்.ஜி. ஐ.டி." இன்னொரு துண்டு. இரண்டிரண்டாக எடுத்து, "இரண்டும் கிடைத்தால் எதில் போய்ச் சேர்வாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். வென்றது மேலே. முப்பது துண்டுகளை அடுக்க ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. எழுந்து போய்க் காபி போடலாம்.

பிறகு ஆழம். மூன்றாண்டுக் கணக்குப்படி உங்கள் ரேங்க்குக்கு உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய இடம் குறைந்தது ஏழெட்டாவது பட்டியலின் அடியில் இருக்கட்டும். போக மனமில்லாத கல்லூரியை "சும்மா இருக்கட்டும்" என்று நடுவில் செருகாதீர்கள். கணினிக்குச் சும்மா என்பது தெரியாது.

கணினியில் ஏற்றும்போது பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணை நம்புங்கள். சி.ஐ.டி. என்றால் கோவை இன்ஸ்டிடியூட்டும் உண்டு, சென்னை இன்ஸ்டிடியூட்டும் உண்டு. பி.எஸ்.ஜி. டெக் வேறு, பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரோடு மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும் பல ஊர்களில் உண்டு, கிண்டி சி.இ.ஜி.யின் எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் எண் 4. சி.இ.ஜி.யில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தனி வரியாக இருக்கும். வேண்டுமென்றே எடுப்பவர் எடுக்கலாம், தவறிப்போய் எடுக்க வேண்டாம். ஏற்றி முடித்ததும் அச்செடுத்து, ஒருவர் எண்ணைப் படிக்க இன்னொருவர் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள்.

9. ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டே நாள் இருக்கும். கிடைத்தது போதும், சேர்கிறேன் என்பது ஒன்று. கிடைத்ததை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ள வரி காலியானால் மாற்றுங்கள் என்பது இன்னொன்று. இதைத்தான் அப்வேர்ட் என்கிறார்கள். இது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் தாருங்கள் என்பது மூன்றாவது. இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பது நான்காவது. விலகிக்கொள்கிறேன் என்பது ஐந்தாவது. 190-க்கு மேல் உள்ளவர்கள் முதல் சுற்றிலேயே வந்துவிடுவதால், அடுத்த சுற்றுக்குப் போவது பெரும்பாலும் தற்கொலைக்குச் சமம். அங்கே மிஞ்சியதுதான் இருக்கும்.

அப்வேர்ட் கொடுத்து மேல் வரி கிடைத்துவிட்டால், பழைய இடம் அந்த நொடியே போய்விடும். "ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்பது கிடையாது. ஜோசாவில் ஃபுளோட் (அங்கே அப்வேர்டுக்கு அதுதான் பெயர்) கொடுத்தாலும் இதே கதைதான். பட்டியலை ஊகத்தில் கலைத்து அடுக்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிடிக்காத ஒன்றை மேலே எழுதி வைத்தவருக்கு, பிடித்ததைப் பிடுங்கிக்கொண்டு அது வந்து சேரும்.

என் நாத்தனார் மகளுக்கு முதலில் வந்தது ஐந்தாம் வரி. அப்வேர்ட் கொடுத்தோம். அவள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே அந்தக் கல்லூரிக்குப் போய் விடுதி முன்பணம் கட்டி, வாளியும் பாயும் வாங்கிவிட்டார். சில நாளில் அவள் மூன்றாம் வரிக்கு மாறினாள். "அத்தை, மூணாவது வந்துருச்சு!" என்று போனில் கத்தியவளின் பின்னணியில் அவர் குரல் கேட்டது: "அப்ப அந்த ஹாஸ்டல் பணம்?" அது திரும்பி வர நான்கு மாதமும் ஆறு போன் காலும் ஆயின. அப்வேர்ட் முடிவு வரும்வரை விடுதிக்கும் பேருந்துக்கும் பணம் கட்டாதீர்கள். வாளியும் பாயும் வாங்கிக்கொள்ளலாம், எந்த ஊருக்கும் ஆகும்.